கடைசியாக வருபவரும் குழுவில் உண்டு: சைக்கிள் பயணப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் சங்கத்தின் சைக்கிள் பயணத்தை நடத்தும் அண்ணன்மார், தம்பிமார், தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

அடுத்த வருடம் நம் மொரிஷியஸ் தீவைச் சுற்றும் பயணத்துக்கு வயது வரம்பு வைக்கப் போகிறீர்கள், அதற்கு முன்னால் ஒரு தகுதி ஓட்டம் நடத்தி அதில் தேறியவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இன்னும் முடிவாகவில்லை என்றும் சொன்னார்கள். முடிவாவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் பலர் என்னிடம் தமிழ் படித்தவர்கள், இன்னும் என்னை ‘மிஸ்’ என்றே கூப்பிடுகிறவர்கள். எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் இந்தப் பயணம் நின்றுபோகக் கூடாது, சுருங்கியும் போகக் கூடாது என்ற கவலை அதைவிடப் பெரிது.

நீங்கள் காரணமாகக் காட்டுவது இந்த ஆகஸ்ட் பயணத்தின் இரண்டாம் நாளை. தமாரினிலிருந்து மாயேபூர் வரை, தெற்குக் கரையோரமாக எண்பது கிலோமீட்டருக்கு மேல். “முடியாதவர்கள் வந்ததால் எல்லோருக்கும் தாமதம், எல்லோருக்கும் ஆபத்து” என்று அன்றைக்கே சிலர் பேசினீர்கள். முன்னால் போன உங்களுக்கு அந்த நாள் ஒருவிதமாக இருந்திருக்கும். நான் வரிசையின் வாலில் இருந்தேன். அங்கே நடந்ததை முழுதாகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் தீவின் மேல் தென்கிழக்குக் காற்று ஓய்வதே இல்லை. தெற்கே பெருங்கடலில் உயர் அழுத்த மண்டலம் வலுக்கும்போதெல்லாம் இங்கே காற்று ஏறும், கடலும் ஏறும். வாகுவாவில் இருக்கும் வானிலை நிலையம் காற்றின் திசையையும் வேகத்தையும் தினமும் சொல்கிறது. அன்று காலையிலும் சொன்னது: கிழக்கு-தென்கிழக்கிலிருந்து பலத்த காற்று, திறந்த இடங்களில் இன்னும் வேகமாக வீசும், தெற்குக் கரையில் அலை உயரும். தமாரினில் நம் கையில் காப்பி டம்ளர் இருந்த நேரத்தில் அந்த அறிக்கை வந்துவிட்டது. அதை யாரும் குழுவுக்குப் படித்துக் காட்டவில்லை. படித்திருந்தால் அன்றைய பயணத்தை வேறு மாதிரி அமைத்திருக்கலாம்.

மேற்குக் கரை நம்மை ஏமாற்றிவிடும். ரிவியேர் நுவார் மலைகள் காற்றை மறித்துக்கொள்வதால் லா கோலெத் வரை சாலை அமைதியாகத்தான் இருந்தது. எல்லோரும் உற்சாகமாக மிதித்தார்கள், லெ மோர்ன் மலையடியில் நெடுநேரம் படம் எடுத்தார்கள். ஏழு மணிக்கு என்று சொல்லியிருந்த புறப்பாடே எட்டரை ஆகியிருந்தது. மலையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்பியதும் காற்று நேராக முகத்தில் வந்து மோதியது. கரையோரச் சவுக்கு மரங்கள் எல்லாம் மேற்குப் பக்கமாகச் சாய்ந்தே வளர்ந்திருப்பதை அங்கே நின்று பார்த்தாலே போதும், அந்தக் காற்று எத்தனை காலமாக எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பது தெரிந்துவிடும்.

காற்றின் கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் ‘பலவீனம்’ என்ற பேச்சு தொடங்குகிறது. காற்றே இல்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவர், 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் காற்றில் அதே வேகத்தை விடாமல் பிடிக்க நினைத்தால், அவர் உடம்பைத் தடுக்கும் காற்றின் விசை நான்கு மடங்காகிறது. இரண்டு மடங்கு அல்ல, நான்கு. ஆகவே வேகம் விழத்தான் செய்யும். எட்டு, பத்து என்று விழுந்தால் அது சோம்பல் இல்லை.

ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போனால் நிலைமை மாறிவிடும். முன்னால் போகிறவரின் மறைவில் வருகிறவருக்கு உழைப்பு கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். மாறி மாறி முன்னால் வந்தால் எல்லோருக்கும் ஓய்வு கிடைக்கும். அன்று உங்களில் பதினைந்து பேர் இதை அழகாகச் செய்தீர்கள். பே து காப் வளைவில் நீங்கள் ஒரே கோடாக வளைந்து போவதைப் பின்னாலிருந்து பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் அந்தக் கோட்டிலிருந்து ஒருவர் இருபது அடி பின்தங்கினால் மறைவு போய்விடுகிறது. போனால் அவர் தனியாக முழுக் காற்றையும் வாங்க வேண்டும், இன்னும் பின்தங்குவார். இப்படி ஒவ்வொருவராக உதிர்ந்து ஐந்து பேர் ஐந்து இடத்தில் தனித்தனியாக மிதித்துக்கொண்டிருந்தோம். அன்று கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் அதிகமாக உழைத்தவர்கள் வேகமாகப் போனவர்கள் இல்லை. மறைவு தேவைப்பட்டவர்களுக்கு மறைவு கிடைக்கவில்லை; தேவை குறைவாக இருந்தவர்களுக்குக் கிடைத்தது. அது நம் ஏற்பாட்டில் இருந்த குறை.

ஓய்விலும் இதே கதைதான். நீங்கள் நின்ற இடத்துக்கு நாங்கள் வந்து சேர்வதற்குள் நீங்கள் இருபது நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, காத்தோ பிமா என்ற மிளகாய் வடை சாப்பிட்டு முடித்திருந்தீர்கள். எங்கள் கால் தரையில் பட்டதும் “சரி, எல்லோரும் வந்தாச்சு, கிளம்பலாம்” என்ற குரல் கேட்டது. பே து காப்பில் இது நடந்தது. அதிகம் களைத்தவருக்கு ஓய்வே இல்லை, களைக்காதவருக்கு இரண்டு பங்கு ஓய்வு. அதற்குப் பிறகு நீங்கள் எங்களுக்காக நிற்கவும் இல்லை, “சூயாக்கில் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

அந்த ஐந்து பேர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான், எங்கள் தெருவில் இருக்கும் மாமா ஒருவர், ஒரு தாய், அவருடைய பதினான்கு வயது மகள், முதல்முறையாக நெடும்பயணம் வந்த ஒரு தம்பி. பெல் ஓம்ப்ருக்கு முன்னால் அந்தப் பெண்ணின் பின்சக்கரம் இறங்கியது. தம்பியிடம் மாற்று டியூப் இருந்தது. பம்ப், டயர் நெம்பும் கரண்டி, மருந்துப் பெட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் வேனில். வேன் முதல் வரிசைக்கும் முன்னால். ஸ்கூட்டரில் வந்த ஒரு பையன் இரக்கப்பட்டு வீட்டுக்குப் போய் பம்ப் கொண்டுவந்தான். அது மோட்டார் சைக்கிள் டயருக்கான தடித்த வால்வுப் பம்ப். இந்தச் சக்கரத்தில் இருந்தது மெல்லிய பிரெஸ்டா வால்வு. இரண்டையும் சேர்க்க விரல்நுனி அளவில் ஒரு பித்தளை அடாப்டர் உண்டு, சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. அது எங்கள் யாரிடமும் இல்லை. அந்தப் பையன் மறுபடி போய், ரேஸ் சைக்கிள் வைத்திருக்கும் உறவினர் வீட்டில் வேறு பம்ப் வாங்கிவந்தான். ஒரு மணி நேரம் போனது. வியர்வை காய்ந்து, நடுவில் ஒரு தூறலும் விழுந்து, காற்றில் நின்ற அந்தச் சிறுமிக்கு உதடு நடுங்கத் தொடங்கியது. அவள் அம்மா தன் மழைக்கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டார். உங்களுக்கு மூன்று முறை போன் செய்தோம். காற்றில் மிதித்துக்கொண்டிருக்கிறவருக்கு முதுகுப் பையில் இருக்கும் போன் கேட்காது என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் போனை நம்பி ஒரு பயணத்தை அமைக்கக் கூடாது என்கிறேன்.

பெல் ஓம்ப்ரைத் தாண்டி ரிவியேர் தே காலேக்குப் போகும் வழியில், கரும்பு வெட்டி முடித்த வயல்கள் இருந்தன. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் கரும்பு இருந்தால் சாலைக்கு அது சுவர். வெட்டிவிட்டால் காற்றைத் தடுக்க ஒன்றும் மிச்சமில்லை. காய்ந்த சோகை சாலையின் குறுக்கே பறந்துகொண்டிருந்தது. அங்கேதான் மாமா சாலையோரக் கல்லில் போய் உட்கார்ந்தார். “ஒண்ணுமில்லம்மா, ரெண்டு நிமிஷம்” என்றார். கையைப் பார்த்தேன், பாட்டில் மூடியைத் திருக முடியாமல் விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. அந்தக் குளிர்காற்றிலும் நெற்றியில் வியர்வை வழிந்தது. கொஞ்ச நேரத்தில் நாம் எங்கே போகிறோம் என்று என்னையே கேட்டார்.

மாமாவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. மாத்திரை சாப்பிடுகிறவர். சில வகை மாத்திரைகள் தாமாகவே சர்க்கரையை இறக்கிக்கொண்டிருக்கும். அதன் மேல் மணிக்கணக்கில் கடும் உழைப்பு, வேளைக்குச் சாப்பாடும் இல்லை என்றால் ரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகக் கீழே போகும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சுக் குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால் தாமதிக்கக் கூடாது. தாயையும் மகளையும் அவர் பக்கத்தில் இருத்திவிட்டு, தம்பியும் நானும் அடுத்த வளைவில் இருந்த சின்னக் கடைக்கு ஓடினோம். கடைக்காரப் பெண்மணி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு டம்ளரில் மூன்று நான்கு கரண்டி அள்ளிப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கிக்கொண்டே எங்களோடு நடந்து வந்தார். “ப்வார் சா, தோந்தோன்” (இதைக் குடிங்க, மாமா) என்று கிரியோலில் சொல்லித் தன் கையாலேயே மாமாவுக்குக் குடிப்பாட்டினார். கால் மணி நேரம் பொறுத்து இன்னொரு டம்ளர். பிறகு வெண்ணெய் தடவிய ரொட்டி. மாமா நிமிர்ந்து, “பொண்ணு எங்கே, சக்கரம் சரியாயிடுச்சா?” என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கு உயிர் வந்தது. காசு கொடுத்தோம், அந்தப் பெண்மணி ரொட்டிக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

மொரிஷியஸில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள், எந்த வீட்டில் இல்லை? நாற்பது பேர் கிளம்பும் ஒரு குழுவில் இந்த வியாதி உள்ள சிலர் இருப்பார்கள் என்று வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். யாருக்கு என்ன மருந்து என்று நாம் ஒரு தாளில்கூட எழுதி வாங்கவில்லை. அவசரத்துக்கு 114-ஐ அழைத்தால் சாமு ஆம்புலன்ஸ் வரும் என்பது எத்தனை பேருக்கு நினைவிருந்தது? நாங்கள் அந்த நேரத்தில் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில் நிற்கிறோம் என்று சொல்லக்கூட எங்களில் ஒருவருக்கே தெரிந்திருந்தது.

மாமாவை மேற்கொண்டு ஓட்ட விடவில்லை. அவருடைய மருமகன் காரில் வந்து அவரையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போனார். மற்ற நால்வரும் சூயாக் சேரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. வேன் போய்விட்டது, நீங்களும் போய்விட்டீர்கள். ஆனால் அங்கே ஒரு தம்பி மட்டும் எங்கள் சாப்பாட்டுப் பொட்டலங்களை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரமாகக் காத்திருந்தார். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியும், பெயர் எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். நம்மில் வேகமாக ஓட்டுகிறவர்களில் அவர் ஒருவர். எந்தப் பொறுப்பும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை, தானாக நின்றார். உங்களுக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே அவரைப் பார்த்த பிறகுதான். ஏனென்றால் அடுத்த முப்பது கிலோமீட்டருக்கு மேல் அவர் என்ன செய்தார் என்பதைப் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு போனார், அடிக்கடி திரும்பிப் பார்த்து அந்தச் சிறுமியின் மூச்சுக்குத் தக்கபடி வேகத்தை வைத்தார். மேட்டில் மெதுவாக, இறக்கத்திலும் மெதுவாக. “பேசிக்கிட்டே வரமுடியுதா தங்கச்சி? முடியலைன்னா சொல்லு, நான் வேகமாப் போறேன்னு அர்த்தம்” என்றார். ஒரே ஆளின் மறைவில் நாலு பேர், காலையில் தனித்தனியாக முடியாத வேகத்தில் பிற்பகலில் போனோம். காற்று காலையைவிடக் குறையவில்லை. அதே கால்கள்தான், அதே சைக்கிள்கள்தான்.

ஆனாலும் இருட்டிவிட்டது. குளிர்காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் இங்கே சூரியன் இறங்கிவிடும், அரைமணியில் கும்மிருட்டு. லெஸ்காலியே வட்டாரத்தில் லா பராக் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் லாரிகள் அறுவடைக் காலம் முழுதும் ஓடும். பாரத்துக்கு வெளியே கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும், சாலையில் துண்டுகள் சிந்திக் கிடக்கும். மெல்லிய டயருக்குக் கீழே ஒரு கரும்புத் துண்டு உருண்டால் சைக்கிள் எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல முடியாது. எங்கள் நால்வரில் ஒருவரிடமும் விளக்கு இல்லை, பகல் பயணம் என்றுதானே அறிவிப்பில் இருந்தது. சூயாக்கில் காத்திருந்த தம்பி தன் முன்விளக்கை, முதல்முறையாக வந்த அந்த இன்னொரு தம்பியின் சைக்கிளில் மாட்டி அவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு, தன் சிவப்பு விளக்கோடு கடைசியில் வந்தார். லாரி வரும் சத்தம் கேட்டால் “ஓரம், ஓரம்” என்று கத்துவார், எல்லோரும் புல்லில் இறங்கி நிற்போம். பிளேன் மாஞ்ஞியன் தெருவிளக்குகளைப் பார்த்ததும் அந்தத் தாய் அழுதுவிட்டார். மாயேபூர் மண்டபத்தில் நாங்கள் நுழைந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். “ஏன் இவ்வளவு நேரம்?” என்று யாரோ கேட்டார்கள். அதற்கான பதில்தான் இந்த மடல்.

உங்கள் தகுதி ஓட்டத்தைப் பற்றி. கத்ர் போர்னில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நாற்பது கிலோமீட்டர் ஓட்ட வைத்தால் யார் கால் வலுவானது என்று தெரியும். பசிக்கும் முன் சாப்பிடத் தெரிந்தவர் யார், பின்னால் திரும்பிப் பார்க்கத் தெரிந்தவர் யார் என்று தெரியாது. இரண்டாம் நாள் நமக்குக் குறைவாக இருந்தது கால் வலு அல்ல. இந்த விதியால் வெளியே நிற்கப் போவது யார் என்றும் பாருங்கள்: மாமா, அந்தத் தாய், அவர் மகள், நான். நம் குழுவில் பெண்பிள்ளை என்று வந்தவளே அவள் ஒருத்திதான். “குடும்பத்தோடு வாருங்கள், கோயில் கோயிலாகப் போவோம்” என்று அறிவித்துவிட்டு, வந்த குடும்பத்தை வெளியே நிறுத்துவது நியாயமா?

சைக்கிள் உலகத்தில் நெடும்பயணத்துக்கு இரண்டு வழிகள் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கின்றன. 1897-ல் பன்னிரண்டு இத்தாலியர்கள் ரோமிலிருந்து நேபிள்ஸுக்குப் பகல் வெளிச்சத்துக்குள் போய்ச் சேரக் கிளம்பினார்கள். அதிலிருந்து ஆடாக்ஸ் என்ற முறை பிறந்தது. 1904-ல் அது பிரான்ஸுக்கு வந்தது. அந்த முறையில் சாலைத் தலைவர் ஒருவர் வேகத்தை நிர்ணயிப்பார், யாரும் அவரை முந்தக் கூடாது, எல்லோரும் சேர்ந்தே போய்ச் சேர வேண்டும். பிறகு அவரவர் வேகத்தில் போகலாம் என்ற இன்னொரு முறையும் அங்கே வளர்ந்தது. அதில் ஒவ்வொருவரும் தன் சாப்பாடு, தன் பம்ப், தன் விளக்கு, தன் வழிப்படம் எல்லாவற்றையும் தானே சுமக்க வேண்டும் என்பது முதலிலேயே தெரியும். இரண்டும் நல்ல முறைகள்தான். நாம் முதல் முறையைச் சொல்லி ஆட்களைக் கூப்பிட்டோம், பம்பையும் சாப்பாட்டையும் பொது வேனில் போட்டோம், பிறகு இரண்டாம் முறையில் ஓட்டினோம். இரண்டும் கலந்தால் பின்னால் இருப்பவரிடம் குழுவும் இல்லை, பம்பும் இல்லை.

இதற்குப் பிரான்ஸ் வரை போக வேண்டியதும் இல்லை. தைப்பூசத்தன்று ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்குக் காவடி வரும்போது நீங்கள் எல்லோரும் கூட நடப்பவர்கள். வெயிலில் தார் கொதிக்கும். ஒரு பெரியவர் காவடியோடு தள்ளாடினால் யார் “சீக்கிரம் வாங்க” என்கிறார்கள்? இரண்டு பேர் தோளைப் பிடிப்பீர்கள், ஒருவர் காலில் தண்ணீர் ஊற்றுவார், முன்னால் போகிறவர்களுக்குச் சொல்லி மேளத்தை நிறுத்துவீர்கள். அவர் மூச்சு வாங்கிய பிறகு ஊர்வலம் நகரும். அடுத்த வருடம் இந்தப் பெரியவர் காவடி எடுக்கக் கூடாது என்று எந்தக் கோயிலிலும் தீர்மானம் போட்டு நான் கேட்டதில்லை. இதைச் செய்யத் தெரிந்த அதே பிள்ளைகள்தான் நீங்கள். சைக்கிளில் ஏறியதும் மறந்துவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

நான் கேட்பது இவ்வளவுதான். வேன் எப்போதும் கடைசி சைக்கிளுக்குப் பின்னால் வரட்டும். கடைசியாக வருபவர் தாண்டிய பிறகே அது நகரட்டும். வேன் பின்னால் வந்தால் கரும்பு லாரிக்காரருக்கும் தூரத்திலேயே கண்ணில் படும். நல்ல வேகக்காரர் இருவர் தினமும் முறை வைத்து வாலில் வரட்டும், கையில் பம்ப், டியூப், இரண்டு வால்வுக்கும் அடாப்டர், சர்க்கரைப் பொட்டலம், வாழைப்பழம். ஓய்வு நேரம் கடைசி ஆள் வந்து உட்கார்ந்த நிமிடத்திலிருந்து எண்ணப்படட்டும். காலை அறிக்கையில் பலத்த காற்று என்று வந்தால் அன்றைய தூரத்தைச் சூயாக்கோடு நிறுத்திக்கொள்ளலாம்; அங்கே ஒரு இரவு தங்க இடம் கேட்டால் நம் ஜனங்கள் இல்லையென்று சொல்லவா போகிறார்கள்? விளக்கு இல்லாத சைக்கிளை முதல் நாள் காலையிலேயே திருப்பி அனுப்புங்கள், அதில் நான் உங்கள் பக்கம்.

அடுத்து, சுற்றும் திசை. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். இம்முறை நாம் போர்ட் லூயிஸ் கைலாசன் கோயிலிலிருந்து கிளம்பி, தீவை இடமாகச் சுற்றினோம்: மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு. அதனால் ஆள் நடமாட்டமும் கடையும் குறைவான தெற்குக் கரை முழுவதும் எதிர்காற்றானது. வலமாகச் சுற்றினால், முதலில் வடக்கு, பிறகு கிழக்குக் கரையோரமாகத் தெற்கே. அங்கேயும் காற்று வரும், ஆனால் நேர் முகத்துக்கு வராமல் இடப்பக்கத்திலிருந்து சாய்வாக வரும். பெல் மார், ஃபிளாக் பக்கம் தரையும் சமம், ஊர்களும் நெருக்கம். மாயேபூரிலிருந்து மேற்கே திரும்பியதும் காற்று முதுகைத் தள்ளும், பிறகு மேற்குக் கரையில் மலைகளின் மறைவு. இதிலும் சிக்கல் உண்டு. நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். கிழக்குக் கரையில் இடப்பக்கமிருந்து அடிக்கும் காற்று நம்மைச் சாலை நடுவுக்கு, வண்டிகளின் பக்கம் தள்ளும். பே து காப் பக்கம் பாறையை ஒட்டிக் கடலோரமாகத் திரும்பும் மக்கோந்தே வளைவிலும் நாம் பாறைப் பக்கம் இல்லாமல் கடல் பக்க விளிம்பில் போக வேண்டியிருக்கும். அந்த இரண்டு இடத்திலும் ஒற்றை வரிசையாக, இடைவெளி விட்டு, மெதுவாகப் போக வேண்டும்; மக்கோந்தேயில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனாலும் தவறில்லை. இரண்டையும் எடைபோட்டால் வலமாகப் போவதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. சூயாக்கில் காத்திருந்த தம்பியும் அப்படித்தான் நினைக்கிறார். அவர் என்னைவிட அனுபவசாலி, அவரிடம் கேளுங்கள்.

வயது வரம்புக்குப் பதில் ஒரு படிவம் வையுங்கள். என்ன வியாதி, என்ன மருந்து, வீட்டில் யாரை அழைக்க வேண்டும், எவ்வளவு தூரம் ஓட்டிப் பழக்கம். எழுதிக் கொடுப்பதில் யாருக்கும் வெட்கம் வராதபடி முதல் படிவத்தை மாமாவே நிரப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் லைசென்ஸ் இருக்கிறது. உடம்பு இடம் கொடுக்காத நாளில் தானே வேனை ஓட்டிக்கொண்டு கடைசியில் வருகிறேன் என்றும் சொன்னார். பயிற்சி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. வாரம் ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து ஓட்டலாம், வரிசையாகப் போகவும் முன்னால் மாறவும் வேகக்காரர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். எங்களைத் தேர்வு வைத்துக் கழிப்பதற்கு ஆகும் நேரத்தில் எங்களுக்குக் கற்றுக் கொடுத்துவிடலாம்.

செப்டம்பர் கடைசியில் கூட்டம் என்று சொன்னார்கள். அந்தத் தாயையும் மகளையும், மாமாவையும், அந்த இரு தம்பிகளையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்கள் பேசி முடிக்கும் வரை வயது வரம்பைப் பற்றி வாக்கெடுப்பு வேண்டாம். நான் நிச்சயம் வருகிறேன், வலமாகச் சுற்றும் வழியை நாள்வாரியாக எழுதி எடுத்துவருகிறேன்.

அன்புடன்,
கத்ர் போர்னிலிருந்து உங்கள் மிஸ்